எல்லாக் கத்தாழையும் ஒன்றல்ல, களை பிடுங்குவதும் இலவச வேலையல்ல

சென்ற மாதம் சங்க வழக்கொன்றுக்காகப் புதுக்கடைக்குப் போயிருந்தோம். வழக்கு பிற்போடப்பட்டது. இதில் புதுமை ஒன்றும் இல்லை. ஆயிரம் ரூபா வர்த்தமானியை எதிர்த்துக் கம்பனிகள் ஏறியதும் இதே புதுக்கடைப் படிகள்தான், 2024 இல் 1700 ரூபாவுக்கு இடைக்காலத் தடை வந்ததும் இங்கேதான். இரவு பஸ்ஸேறி வந்து, 'அடுத்த தவணை' என்ற சொல்லைக் கேட்டுக்கொண்டு திரும்புவது நமக்குப் பழகிய பயணம்.

மிச்சமிருந்த நேரத்தில் பழைய சோனகத் தெருப் பக்கம் நடந்தோம். பாடசாலை விளையாட்டுப் போட்டிக்குக் கயிறு வாங்க வேண்டியிருந்தது. இரும்புக் கடையொன்றில் நின்ற தம்பி நமது பக்கத்துப் பிள்ளை, கொட்டாஞ்சேனையில் அறையெடுத்துத் தங்கி வேலை செய்கிறான். நைலோன், தும்பு என்று காட்டியவன் மூலையிலிருந்து வெளிறிய மஞ்சள் நிறத்தில் ஒரு கயிற்றை இழுத்துப் போட்டான்.

"இது தும்பு இல்ல சேர். கத்தாழ நாரு. வெளிநாட்டுலருந்து வருதாம். நம்ம லயத்துக்குப் பின்னுக்கு இது காடா கெடக்கு, இங்க மீட்டர் கணக்குல விக்கிறாங்க."

விலையைக் கேட்டோம், தும்புக் கயிற்றையே வாங்கிக்கொண்டு வந்தோம். ஆனால் அவன் சொன்னது மனதில் நின்றுவிட்டது. காரணம், எமது ஊவாப் பக்கத்து டிவிசனில் அந்த மாதம்தான் கத்தாழை பற்றி இரண்டு அறிவித்தல்கள் வந்திருந்தன. பீலிக்கு மேலே கைவிடப்பட்டுக் கிடக்கும் பழைய மலையில் 'ஆக்கிரமிப்புத் தாவரங்கள்' பெருகிவிட்டன, சனிக்கிழமை எல்லோரும் கத்தியோடு சிரமதானத்துக்கு வாருங்கள் என்றது நிர்வாகம். பேர் கிடையாது. அடுத்த வாரமே வெளியிலிருந்து ஒரு நிறுவனத்தார் வந்து வாசிகசாலையில் கூட்டம் போட்டார்கள். கத்தாழை நாருக்கு நல்ல சந்தை இருக்கிறது, கன்று தருகிறோம், பெண்கள் நட்டு வளர்த்தால் இலையைக் கிலோக் கணக்கில் வாங்குகிறோம் என்றார்கள். விலை எழுத்தில் இல்லை.

ஒரே செடியை ஒருவர் வெட்டச் சொல்கிறார், இன்னொருவர் நடச் சொல்கிறார். 'எந்தக் கத்தாழை?' என்று இருவருமே கேட்கவில்லை. அந்தக் கேள்வியைத்தான் நாம் முதலில் கேட்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. செடி எதுவென்று தெரியாமல் வெட்டுவதும் பிழை, தெரியாமல் நடுவதும் பிழை. தெரிந்துகொண்டு வெட்டினால் அது பயிற்சி தேவைப்படும் வேலை. அந்த வேலைக்குப் பேர் போட வேண்டும்.

சரி, செடிக்கு வருவோம். லயத்தில் நாம் எல்லாவற்றையும் 'கத்தாழ' என்கிறோம். பிள்ளைகளைப் பழைய மலைக்குக் கீழே வரை கூட்டிப்போய்ப் பார்த்தபோது அந்த ஒரு பெயருக்குள் ஐந்தாறு செடிகள் ஒளிந்திருந்தன.

சோற்றுக்கற்றாழையை எல்லோருக்கும் தெரியும், சிங்களத்தில் கோமாரிக்கா. மடலை முறித்தால் முதலில் மஞ்சளாக ஒரு கசப்புப் பால் வரும், பிறகு வழுவழுப்பான சோறு. ஓரத்தில் சிறு முட்கள் உண்டு, நுனியில் ஊசி இல்லை. பூத்தாலும் சாகாது. இதில் கயிறு திரிக்க நார் கிடையாது. இது காடாகப் பெருகி யாருடைய நிலத்தையும் பிடிக்கப் போவதில்லை, விட்டுவிடுங்கள்.

ஆனைக்கற்றாழை வேறு. நீலம் கலந்த சாம்பல் நிறம், ஆளுயர மடல், ஓரம் முழுவதும் வாள்பல் போல வளைந்த முட்கள், நுனியில் கறுத்த ஊசி. மடலின் மேல் இன்னொரு மடலின் முள் அச்சுக் குத்தியது போலத் தழும்பு இருக்கும். குருத்தில் மடல்கள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருந்தபோது விழுந்த தடம் அது. அடியில் சுற்றிவரப் பக்கக் கன்றுகள் விடும். பத்து வருடத்துக்கு மேலாகச் சும்மா இருந்துவிட்டு ஒரே ஒருமுறை மரம் போலக் கம்பம் எழுப்பிப் பூக்கும், பிறகு தாய் செத்துப்போகும்.

கயிற்றுக் கடையில் பார்த்த நார் சிசல் என்ற இனத்தினுடையது. அதுவும் ஆனைக்கற்றாழையின் சொந்தம்தான். மடல் நேராக, விறைப்பாக, வாள் போல நிற்கும், சாம்பல் கலந்த பச்சை. வளர்ந்த செடியில் ஓரம் வழுவழுப்பு, கன்றாக இருக்கையில் மட்டும் சிறு பற்கள் இருக்கலாம். நுனியில் ஓர் அங்குல நீளத்துக்குக் கருஞ்சிவப்பு ஊசி உண்டு, கண்ணைக் கெடுப்பது அதுதான்.

இனி நமது பழைய மலையில் மண்டியிருப்பது. நாங்களும் முதலில் அதைச் சிசல் என்றே நினைத்தோம். கிட்டப் போய்ப் பார்த்தால் மடல் நல்ல பச்சை, நடுவில் அகன்று அடியில் ஒடுங்கும். விறைத்து நிற்காமல் வளைந்து தொய்யும். ஓரத்தில் பெரும்பாலும் முள் இல்லை, அடிப்பக்கத்தில் மட்டும் கொக்கி போல ஒன்றிரண்டு. நுனியைத் தொட்டுப் பார்த்தால் நீண்ட ஊசி இல்லை. பூவைப் பார்த்தால் சந்தேகம் முழுவதும் தீரும். சிசலின் பூ வானத்தைப் பார்த்து நிற்கும், இதன் பூ வெளிர்பச்சை கலந்த வெள்ளையாகத் தலைகீழாகத் தொங்கும், கடும் மணம் வீசும். இது ஃபர்க்ரியா. வியாபாரிகள் மொரீசியஸ் சணல் என்பார்கள். தமிழ்நாட்டில் சீமைக் கற்றாழை என்ற பெயரும் உண்டு, ஆனால் அந்தப் பெயரை வேறு கற்றாழைகளுக்கும் சொல்வதால் பெயரை நம்பாமல் மடல் நுனியையும் பூவையும் நம்புங்கள்.

இன்னும் இரண்டு உண்டு, இவற்றில்தான் கவனம் வேண்டும். ஒன்று மருள், சிங்களத்தில் நியந்த. இடுப்பளவுக்கு மேல் போகாது. ஒரு குடுமி போல மடல் விரிக்காமல், மண்ணுக்குள் ஓடும் கிழங்கிலிருந்து இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிளம்பும். மடலில் கரும்பச்சையும் வெளிர்பச்சையுமாகப் பட்டை பட்டையாக இருக்கும். இது இந்த மண்ணின் செடி. அதன் அறிவியற் பெயரிலேயே 'சிலோன்' ஒட்டிக்கொண்டிருக்கிறது. மடலோரம் மஞ்சள் கரை போட்டு, வெள்ளவத்தை மாடி வீடுகளில் சட்டிக்குள் நிற்கிறதே, அது இதன் ஆபிரிக்கச் சொந்தம். மற்றது ஓடைக்கரைத் தாழை. தூரத்தில் பார்த்தால் கத்தாழை போலிருக்கும், ஆனால் காலூன்றிய விழுதுகளும், மடலின் அடிப்புற நடுநரம்பிலும் முள்ளும் இருக்கும். ஓடைக்கரையைக் கரையாமல் பிடித்து வைத்திருப்பது அதுதான். சிரமதானக் கத்திக்கு இந்த இரண்டையும் பலி கொடுத்துவிடக் கூடாது. பழைய மலைக்குக் கீழ் மூலையில் ஒருமுறை அப்படி வெட்டிப்போட்டார்கள். அடுத்த மழைக்கு அந்தக் கரை உள்ளே போய்விட்டது.

இப்போது பரவும் கதை. ஃபர்க்ரியாவோ சிசலோ விதையை நம்பிப் பிழைப்பதில்லை. கம்பம் எழும்பிப் பூத்த பிறகு, பூ உதிர்ந்த இடங்களில் சின்னச் சின்னக் கன்றுகள் முளைக்கும். குமிழ்க்கன்று என்று சொல்லலாம், பிள்ளைகள் வைத்த பெயர் 'பேபி'. ஒரே கம்பத்தில் நூற்றுக்கணக்கில் இருக்கும், சில கம்பங்களில் ஆயிரத்தையும் தாண்டும். தாய் இருபது அடிக்கு மேல் கம்பம் எழுப்பிவிட்டுச் செத்துக்கொண்டிருக்கையில், காற்றடித்தால் இவை மழை போல் கொட்டும். விழுந்த இடத்தில் வேர்விடும். சரிவில் விழுந்தால் கீழே உருண்டு போகும், ஓடையில் விழுந்தால் அடுத்த டிவிசனுக்குப் போகும். மூன்று நான்கு வருடத்தில் புல்லும் முளைக்காத பச்சைச் சுவராகி நிற்கும். மாட்டுக்குப் புல் அறுக்க அம்மாக்கள் இன்னும் ஒரு மைல் மேலே ஏற வேண்டிவரும். பீலிக்கு வரும் ஊற்றடியில் சுத்தம் செய்யவும் உள்ளே நுழைய முடியாது. நமக்கு நேரடியாக வரும் நட்டம் இதுதான்.

இந்த இடத்தில் ஒரு சிறு சம்பவம். ஏழாம் வகுப்பில் 'அந்நிய ஆக்கிரமிப்புத் தாவரம்' என்று கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினால் பின்வாங்கில் சிரிப்பு. ஒரு பையன் எழும்பிக் கேட்டான்: "வெளியிலருந்து வந்து எடம் புடிச்சிக்கிட்டதுன்னா, அப்ப எங்களையும் அப்பிடித்தானே சேர் சொல்றாங்க?"

வகுப்பு அமைதியாகிவிட்டது. அவனுடைய பாட்டன் 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவரானவர். 'கள்ளத்தோணி' என்ற வார்த்தையை அந்தக் குடும்பம் வாழ்நாள் முழுவதும் கேட்டிருக்கிறது. பாடப்புத்தகம் எழுதியவர்களுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. நாங்கள் சொன்ன பதில் இதுதான்: எங்கிருந்து வந்தது என்பதை வைத்து ஒரு செடியைக் குற்றம் சாட்டினால் முதலில் தேயிலையைத்தான் பிடுங்க வேண்டும். 1867 இல் லூல்கந்தரையில் ஜேம்ஸ் டெய்லர் நட்ட தேயிலையும் வெளியிலிருந்து வந்ததுதான். கோப்பி, சிங்கோனா, றப்பர், லயத்துக்குப் பின்னால் காய்க்கும் சவ்சவ், பேரிக்காய் எல்லாமே வந்தவை. ஒரு செடி இன்று இந்த இடத்தில் என்ன செய்கிறது, தண்ணீரையும் புல்லையும் மற்றச் செடிகளையும் வாழ விடுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். எனவே எமது வகுப்பில் 'அந்நிய' என்ற சொல்லை விட்டுவிட்டு 'அடங்காமல் பரவும் செடி' என்று சொல்லிக்கொள்கிறோம். பரீட்சையில் மட்டும் புத்தகத்தில் உள்ளபடி எழுதச் சொல்லியிருக்கிறோம், புள்ளி குறையக் கூடாதே.

இன்னொன்றையும் பிள்ளைகளுக்குச் சொன்னோம். இந்தச் செடிகள் தாமாக நடந்து வரவில்லை. நாயுண்ணிச் செடி 1826 இல் அழகுக்காகப் பேராதனைப் பூந்தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்டது, இன்று நாடு முழுவதும் இருக்கிறது. நுவரெலியாப் பக்கத்தில் மஞ்சளாய்ப் பூக்கும் முட்புதர், குளிர்தேசத்து ஞாபகத்துக்காக வெள்ளைக்காரர் கொண்டுவந்தது, இன்று ஹோட்டன் சமவெளியில் அதைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள். ஆகாயத்தாமரைக்கென்றே 1909 இல் ஒரு கட்டளைச் சட்டம் போட வேண்டி வந்தது. கொண்டுவருவது ஒருவர், லாபம் ஒருவருக்கு, பிடுங்குவது எப்போதும் கூலியாள். இந்த வரிசை மாறியதே இல்லை.

நார்ச்செடியின் கதையில் இது இன்னும் வெளிச்சமாகத் தெரியும். ஃபர்க்ரியாவின் தாயகம் கரீபியன் பக்கமும் தென்னமெரிக்காவின் வடக்கும். அங்கிருந்து பதினெட்டாம் நூற்றாண்டில் மொரீசியசுக்குப் போனது. நம் முன்னோர் கண்டிச் சீமைக்கு நடந்த அதே காலத்தில் இன்னொரு கூட்டம் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிப் போனதே, அந்த மொரீசியஸ்தான். அங்கே இதன் நாரில் சீனி மூட்டைக்குச் சாக்கு நெய்தார்கள். சணல், பிளாஸ்டிக் சாக்கு வந்த பின் நார்த்தொழில் ஓய்ந்தது, செடி ஓயவில்லை. இன்றும் மொரீசியசிலும் ரீயூனியனிலும் அது காடாகப் பரவிய செடிகளில் ஒன்று.

மெக்சிக்கோவின் யுகத்தான் பகுதியில் சிசலின் உறவான ஹெனெக்கென் பெருந்தோட்டங்கள் இருந்தன. மாயா இனத்து ஏழைகள் கடன் என்ற கயிற்றால் அங்கே கட்டப்பட்டிருந்தார்கள். கடன் தீராமல் தோட்டத்தை விட்டுப் போக முடியாது. நமது துண்டு முறையை அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1921 இல் துண்டு ஒழியும்வரை இங்கும் தொழிலாளி கடனோடு சேர்த்துத்தான் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாறினான்.

அந்தச் சிசல்தான் 1893 இல் இன்றைய தன்சானியாவுக்குப் போனது. ஹிண்டோர்ஃப் என்ற ஜெர்மானியர் ஃபுளோரிடாவிலிருந்து ஆயிரம் குமிழ்க்கன்றுகளை அனுப்பச் சொன்னார். வழியில் செத்தவை போக 62 தான் பிழைத்தன. அந்த 62 இலிருந்து பெருகி, 1964 இல் ஆண்டுக்குச் சுமார் 230,000 தொன் நார் தரும் தோட்டங்கள் உண்டாயின. பிறகு பிளாஸ்டிக் கயிறு வந்தது, விலை விழுந்தது. 1990களின் கடைசியில் உற்பத்தி ஏறக்குறைய பத்திலொரு பங்காகிவிட்டது. ஒரே பயிரை நம்பிய தொழிலாளர் என்ன ஆவார்கள் என்று நமக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. ஆனாலும் அந்த 62 என்ற எண்ணை நினைவில் வையுங்கள். வெட்டிய கம்பத்தை ஓடைக்குள் தள்ளிவிட்டுக் கைதட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கு அதைச் சொல்லலாம்.

நார்த் திட்டக்காரர்களின் பேச்சை இனிக் கணக்கில் போட்டுப் பார்ப்போம். சிசல் மடலின் எடையில் நார் சுமார் 4 வீதம்தான். நூறு கிலோ மடல் வெட்டிச் சுமந்தால் நான்கு கிலோ நார். மிச்சம் 96 கிலோ சாறும் சக்கையும். அது எங்கே போகும்? ஓடைக்குத்தான். அந்தச் சாற்றில் சவர்க்காரம் போல நுரைக்கும் பொருள் உண்டு, தேங்கிய தண்ணீரில் ஊறப்போட்டால் மீன் செத்து மிதக்கும், தண்ணீர் நாறும். சாறு தோலில் பட்டால் ஊசி ஊசியாகக் குத்தி அரிக்கும், தடித்துக் கொப்பளிக்கும். அதிலுள்ள கண்ணுக்குத் தெரியாத ஊசிப் படிகங்கள் செய்யும் வேலை அது. கிலோவுக்கு இத்தனை என்று மடலை விற்றால் சுமையும் அரிப்பும் நமக்கு, நாரின் விலை வேறு எவருக்கோ. 'இலைக்கு விலை வேண்டாம், நாருக்கு விலை சொல்லுங்கள், எழுத்தில் தாருங்கள்' என்று நமது பெண்கள் வாசிகசாலையில் கேட்டார்கள். வந்தவர்கள் தேநீர் குடித்துவிட்டு, திரும்பி வந்து பேசுவதாகச் சொல்லிப் போனார்கள். இன்னும் வரவில்லை.

நாரே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. கண்டி குண்டசாலைப் பக்கத்து ஹேனவல கிராமத்தில் 'தும்பற ரட்டா கலால' என்ற பாய் நெய்கிறார்கள். ஹண என்று சிங்களத்தில் சொல்லும் செடியின் மடலைச் சீவி, நாரைச் சாயமேற்றி, தரையோடு கிடக்கும் தறியில் நெய்வது. (நாம் சணல் என்பதும் அவர்கள் ஹண என்பதும் வேர் பார்த்தால் ஒரே சொல்தான்.) கின்னர சமூகம் என்று சாதியின் பெயரால் நெடுங்காலம் ஒதுக்கிவைக்கப்பட்ட மக்களின் கைத்தொழில் அது. 2021 டிசம்பரில் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் கலாசார மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. ஒதுக்கப்பட்டவர்களின் கைகள்தான் அந்த நாரைப் பெறுமதியாக்கின. பழைய மலையில் நாம் எப்படியும் வெட்டப்போகும் மடல் அவர்களுக்குப் பயன்படுமா என்று போய்க் கேட்கலாம், சீவும் முறையைப் பழகலாம். நிற்பதை வெட்டி நாரெடுப்பதற்கு நாங்கள் தயார். புதிதாக நடுவதற்குத் தயாரில்லை, அதிலும் பீலிக்கு மேலே ஒரு கன்றுகூட வைக்க விடமாட்டோம்.

வெட்டுவதென்றால் எப்படி? அனுபவத்தில் கண்டதைச் சொல்கிறோம். மடலை மட்டும் வெட்டினால் குருத்திலிருந்து மீண்டும் வரும், அது வீண் வேலை. தீ வைத்தாலும் குருத்தும் பக்கக் கன்றும் பிழைக்கும், மலைதான் எரியும். மருந்தடித்தால் மெழுகுப் பூச்சுள்ள மடலில் ஒட்டாமல் வழிந்து மண்ணுக்குப் போகும், அங்கிருந்து ஊற்றுக்குப் போகும். பீலிக்கு மேலே மருந்து வேண்டவே வேண்டாம்.

முதலில் கம்பத்தைக் கவனியுங்கள். பூக்கும் முன்னரே கம்பத்தைச் சாய்த்துவிட்டால் அந்த வருடத்துக் கன்று மழை இல்லை. ஒரு கம்பத்துக்கு அரை மணி நேரம் போதும், பிந்தினால் மூன்று வருட வேலை. கன்று கட்டிவிட்டிருந்தால் கீழே படங்கு விரித்துச் சாய்த்து, உரப்பையில் கன்றுகளை ஒன்றுவிடாமல் பொறுக்கிக் கட்டி, வெயிலில் நன்றாகக் கருக விட வேண்டும். உதிர்ந்து வேர்பிடித்த சிறு கன்றுகளை மழை விட்ட மறுநாள் கையால் பிடுங்கலாம், ஈரத்தில் வேரோடு வரும். பெரிய செடியென்றால் பக்கவாட்டில் நின்று அடிமடல்களை நீளக் கைபிடிக் கத்தியால் கழித்து, அலவாங்கால் அடியை நெம்பிப் புரட்ட வேண்டும். புரட்டியதை வேர் மேலே பார்க்கும்படி பாறையில் போட வேண்டும். மண்ணில் கிடந்தால் மறுபடி வேரூன்றும், அவ்வளவு பிடிவாதம் அதற்கு.

சரிவில் ஒரேயடியாக எல்லாவற்றையும் பிடுங்கக் கூடாது. 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை மறந்தவர்கள் இங்கே யாரும் இல்லை. மழைக்காலத்தில் மலையை மொட்டையடிக்கும் எந்த வேலைக்கும் நாம் போகக்கூடாது. வெயிற்காலத்தில் துண்டு துண்டாக எடுத்து, எடுத்த இடத்தில் உடனே புல்லோ நாட்டு மரக்கன்றோ வைத்து, மேல்ச்சரிவு விழக்கூடியது என்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தாரிடம் கேட்டுவிட்டுத்தான் அலவாங்கைத் தூக்க வேண்டும். ஒருமுறை எடுத்தால் முடிந்ததென்றும் இல்லை. இரண்டு மூன்று வருடம் திரும்பத் திரும்பப் போய் முளைப்பதைப் பொறுக்க வேண்டும்.

இவ்வளவையும் படித்தவர்கள் சொல்லுங்கள், இது சனிக்கிழமைச் சிரமதானமா? கவ்வாத்துக்குப் பேர் உண்டு, கான் வெட்டுக்குப் பேர் உண்டு, முள்ளும் அரிப்பும் உள்ள இந்த வேலைக்கு மட்டும் ஏன் 'சமூகப் பொறுப்பு' என்ற பட்டம்? காணி அரசினுடையது, 1992 முதல் முகாமை கம்பனிகளுடையது. அந்த மலையைக் கைவிட்டவர்களும் அவர்கள்தான். கைவிட்ட மலையின் களையை, ஏழு பேர்ச் காணிக்கு இன்னும் காத்திருக்கிறவர்கள் இலவசமாகப் பிடுங்குவதா? கோவில் வளவையும் பிள்ளை மடுவத்தையும் துப்புரவாக்கச் சிரமதானம் செய்வோம், அது நம்முடைய இடம். பழைய மலை தோட்டத்து வேலை.

எமது டிவிசன் கமிட்டி நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டிருப்பது இதுதான். முழுநாள் வேலைக்கு முழுப் பேர், சேமலாப நிதியோடு. கொந்தரப்பு என்று கொடுத்தால் செடிக் கணக்கைத் தொழிலாளியோடு சேர்ந்து மலையிலேயே எண்ணி முடிவு செய்வது. தடித்த கையுறை, முழுக்கைச் சட்டை, கண்ணாடி, நீளக் கைபிடிக் கத்தி ஆகியவற்றைத் தோட்டம் தருவது. சாறு பட்டால் கழுவத் தண்ணீர் மலைக்கே வருவது. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களைக் கூப்பிடாமலிருப்பது. இது கடைசியாகச் சொன்னாலும் எங்களுக்கு முதலாவது. போன வருடம் பந்து பொறுக்க வேலிக்குள் நுழைந்த மாணவனின் இமையில் ஆனைக்கற்றாழை ஊசி ஏறியது, கண் தப்பியது ஒரு நூலிழையில். பெரியவர்களுக்கு வேலைத்தலத்தில் அப்படி நடந்தால் 1934 ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. 'சிரமதானம்' என்று போனவருக்கு அந்தச் சட்டத்தைக் காட்டி நட்டஈடு கேட்பது எவ்வளவு கஷ்டம் என்பதைப் புதுக்கடையில் ஒருநாள் நின்றவர்களுக்குத் தெரியும். பேர் போடுவதில் பணம் மட்டும் இல்லை, பாதுகாப்பும் இருக்கிறது.

நிர்வாகத்தின் பதில் இன்னும் வரவில்லை. சனிக்கிழமை எமது டிவிசனில் யாரும் கத்தியோடு போகவில்லை. "செடி பரவினால் உங்களுக்குத்தானே தண்ணி இல்லாமல் போகும்" என்று ஒரு சுப்பவைசர் சொன்னாராம். அது உண்மைதான், நாங்கள் மறுக்கவில்லை. அதனால்தான் பீலி ஊற்றைச் சுற்றியுள்ள பகுதியை மட்டும் கமிட்டியே, பெரியவர்கள் மட்டும், கையுறையோடு செய்து முடித்தோம். பதினொரு கம்பம், நாலு உரப்பை கன்று. மேலே உள்ளது தோட்டத்தின் கணக்கு.

நகரத்தில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. வெள்ளவத்தையில் வீடு மாறுகிறவர்கள் சட்டிச் செடிகளை வீசிவிட்டுப் போகிறார்கள். மஞ்சள் கரை போட்ட கத்தாழை பார்க்க அழகாக இருக்கிறதென்று அதைப் பையில் வைத்துத் தீபாவளிக்குக் கொண்டுவராதீர்கள். அம்மாவுக்குச் சட்டிச் செடி வேண்டுமென்றால் சட்டியிலேயே இருக்கட்டும், பெருகியதும் ஓடைப்பக்கம் வீச வேண்டாம்.

கம்பம் எழும்பும் காலத்தில் உங்கள் டிவிசனில் எத்தனை கம்பம், எந்த நம்பர் மலையில், பீலிக்கு மேலா கீழா என்று எண்ணி எழுதி தோட்டக் கமிட்டித் தலைவரிடம் கொடுங்கள். எந்தக் கத்தாழை என்று சந்தேகமிருந்தால் ஒரு மடலின் நுனியும் ஒரு பூவும் போதும், பழைய பேப்பரில் சுற்றிக் கொண்டுவாருங்கள். பிள்ளைகளிடம் கொடுத்து அனுப்ப வேண்டாம்.